ஈர்க்குச்சியில் அளந்த ரயில்

அந்த யோசனை எனக்கு மாதா கோயிலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பிரசங்கத்தின் நடுவில் வந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் முக்காட்டைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். மணிக்கட்டில் கிடந்த தங்க வளையல்கள் முழங்கைப் பக்கம் சறுக்கிப் போயின. கையை இறக்கியதும் திரும்பி வந்தன. அச்சில் சக்கரமும் இப்படித்தானே இருக்கிறது? தள்ளினால் நகராதா? "நகரும்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சாமியார் மோட்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா கிள்ளிய இடம் மறுநாள் வரை சிவந்திருந்தது.

நகரவேண்டியது ஒரு பொம்மை ரயிலின் சக்கரம். சைகோனில் உத்தியோகம் பார்க்கும் மாமா அனுப்பியது. எஞ்சின் தனி, பெட்டி தனி என்றில்லாமல் எல்லாம் ஒன்றாயிருக்கும் மோட்டார் ரயில். சாவி கொடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஓட்டும். கப்பலில் வண்டி வந்து சேர்ந்தது, தண்டவாளம் வந்து சேரவில்லை.

தண்டவாளம் கடலூரில் இருந்தது. என்னைவிட ஒரு வயது மூத்தவனான பெரியப்பா மகன் மதராஸில் வாங்கியது. எட்டு வளைந்த துண்டுகள். சேர்த்தால் ஒரு வட்டம். அவனுடைய எஞ்சினோ ஸ்பிரிங் அறுந்து செத்துப்போயிருந்தது. ஒன்றைக் கொண்டுபோய் ஒன்றில் வைக்கலாம் என்றால், அவன் பாதை குறுகல், என் சக்கரங்களின் இடைவெளி அகலம்.

"சக்கரத்தை உள்ளே தள்ளி உன் பாதையிலேயே ஓட்டிக் காட்டுகிறேன்" என்று அண்ணனுக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. கிறிஸ்துமஸுக்குத் தண்டவாளத்தோடு வருவானாம். எங்கள் வீட்டுப் பொம்மைக் குடிலைச் சுற்றி வண்டி ஒரு முழுச் சுற்று வந்தால் தண்டவாளம் எனக்கு. வராவிட்டால் வண்டி அவனுக்கு. சரி என்று எழுதித் தபாலில் போட்டேன்.

முதலில் அளவு வேண்டும். அவன் பள்ளிக்கூட ஸ்கேலில் அங்குலம், எங்கள் கான்வென்ட் ஸ்கேலில் சென்டிமீட்டர். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதில் எங்களுக்குள் ஏற்கெனவே ஒரு பெரிய சண்டை நடந்து, பெரியவர்கள் வந்து விலக்கியிருக்கிறார்கள். அதனால் அவன் ஒரு தென்னை ஈர்க்குச்சியை, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் சரியாக அடங்கும்படி நறுக்கி, கடிதத்தில் வைத்து அனுப்பினான். பிரிட்டிஷ் கடலூரிலிருந்து எங்கள் பிரெஞ்சு ஊருக்கு வந்தாலும் ஈர்க்குச்சியின் நீளம் மாறாது அல்லவா! அதைப் பிரெஞ்சு அகராதிக்குள் பத்திரமாக வைத்தேன்.

தெருக்கோடித் தட்டாரிடம் சின்ன ரம்பமும் அரமும் இரவல் கிடைக்க ஒரு வாரம் ஆனது. அகராதியைத் திறந்தால் ஈர்க்குச்சியின் ஒரு முனை தூரிகை மாதிரிப் பிரிந்து கிடந்தது. தபாலிலேயே நசுங்கியிருக்கும், நான்தான் கவனிக்கவில்லை என்று முடிவுகட்டினேன். அளவு என்றால் முனை சுத்தமாக இருக்க வேண்டாமா? பிளேடால் பிசிறை அழகாகச் சீவி எறிந்தேன்.

ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டையில் தாங்கவைத்து மறுபக்கச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டினேன். குச்சியின் அளவுக்கு நான்கும் உள்ளே வந்தன. இரண்டு பக்கமும் அச்சு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் சக்கரத்தோடு ஒட்ட அறுத்துவிட்டேன். அறுத்ததை மறுபடி ஒட்டமுடியாது என்ற சின்ன விஷயம் அப்போது தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று அண்ணன் வந்தான். எல்லைச் சுங்கச் சாவடியில் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்களாம். "ரயில் பாதை" என்றானாம். சிப்பாய் எழுந்து நின்றுவிட்டாராம்.

பகல் சாப்பாடு முடிந்ததும் குடிலைச் சுற்றிப் பாதையைப் பூட்டினான். நான் வண்டியை வைத்தேன். ஒரு பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறி உட்கார்ந்தன. மறுபக்கம் பாதைக்குள்ளே தொபுக்கென்று விழுந்தது.

"என்னா, வண்டி நொண்டுது?" என்றான் அண்ணன்.

"நீ அனுப்புன குச்சி அளவுதான் வெச்சேன்!"

"எங்க, குச்சிய எடு பாப்போம்."

எடுத்து வைத்துப் பார்த்தோம். இரண்டு அரிசி அகலம் குறைந்தது.

"நான் வெட்டுனது இது இல்ல. என்னா பண்ண அத?"

"முனை பிஞ்சிருந்துச்சு. சீவிட்டேன்."

சாய்வு நாற்காலியில் கிடந்த அப்பா எட்டிப் பார்த்தார். "அகராதில இருந்த குச்சியா அது? நல்ல குச்சிம்மா. கறி மாட்டிக்கிச்சி. பல்லு குத்திட்டு எடுத்த எடத்துலயே வெச்சிட்டேனே."

"தொடச்சி வெச்சீங்களா?" என்றார் அம்மா.

அண்ணன் கையை நீட்டினான். "சரி, வண்டியக் குடு. பெட்டில வெக்கணும்."

"நான் இன்னும் சாவியே குடுக்கல!"

கடைசி முறுக்கு வரை சாவி கொடுத்துவிட்டேன். வண்டி ஓடியது! ஒரு காலைச் சாக்கடையில் விட்டுக்கொண்டு தெருவோரம் நடப்பவனைப் போலச் சாய்ந்து சாய்ந்து ஓடியது. விழுந்த சக்கரம், பாதையின் குறுக்கே இருந்த ஒவ்வொரு தகரக் கட்டையிலும் குதித்தது. வளைவில் வெளித் தண்டவாளத்தை உரசிக்கொண்டே போனதால் வழிதவறவில்லை. குடிலில் நின்ற மூன்று ராஜாக்களில் ஒருவர் கவிழ்ந்தார். ஒட்டகம் வண்டியின் மூக்கில் ஏறிக்கொண்டது. முக்கால் சுற்றில் வேகம் செத்தது. நான் மண்டியிட்டுப் பின்னாலிருந்து ஊதினேன்.

"ஊதக்கூடாது! ஊதக்கூடாது!"

"மூச்சு உடறேன், அதுவும் கூடாதா?"

ஒட்டகத்தோடு வண்டி புறப்பட்ட இடத்தைத் தாண்டி நின்றது.

"ஒரு சுத்து!" என்று குதித்தேன்.

"எது சுத்து? பாதிச் சக்கரம் தகரத்துல ஓடுச்சு. சித்தப்பா, நீங்களே சொல்லுங்க!"

அப்பா கோர்ட்டில் தீர்ப்புகளைப் படியெடுப்பவர். சொந்தமாக ஒரு தீர்ப்புச் சொல்லும்படி அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. எழுந்து போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"பாதிச் சக்கரம் தண்டவாளத்துல ஓடுச்சு. அதனால பாதித் தண்டவாளம் இவளுக்கு. வண்டியும் இவகிட்டயே இருக்கட்டும்."

"பல்லு குத்துனவரே தீர்ப்பு சொன்னா எப்பிடி?"

"அப்பீலுக்குப் பாரீசுக்குப் போ."

அண்ணன் நான்கு துண்டுகளோடு கடலூருக்குப் போய்விட்டான். என்னிடம் அரை வட்டம் இருக்கிறது. தையல் வகுப்பிலிருந்து தடித்த எஃகுப் பின்னல் ஊசி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன்; அதை அறுத்தால் இரண்டு புது அச்சு தேறும். மீதி அரை வட்டத்தை மண்ணெண்ணெய் டின்னை வெட்டி நானே செய்துகொள்வேன். நாளை சாயங்காலம் வெட்டுகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. டின்னில் பாதிக்கு எண்ணெய் இருக்கிறது.