சாட்சி என்ற பெயரில்

மழை நாளில் எங்கள் தோட்டத்து வேதக்கோயிலுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது ஈரக் கம்பளியின் வாடைதான். மலையில் கொழுந்து பறிக்கும்போது தலையில் போட்டுக்கொள்ளும் அதே கம்பளியைத்தான் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் போர்த்திக்கொண்டு வருவார்கள். பாயில் நெருக்கியடித்து நாங்கள் உட்கார்ந்திருக்க, தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தையும் மீறி ஒரு குரல் தெளிவாகக் கேட்கும். அது என் பெரியம்மாவின் குரல். அம்மாவின் அக்கா, பெயர் ராகேல், இள வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, றொசல்லப் பக்கத்துத் தேயிலை மலைகளில் கூடை சுமந்தவர்.

எங்கள் கோயிலுக்குப் போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார், அதன் நடுவில் "சாட்சி நேரம்" என்று ஒன்று வரும். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம், பெண்களும் சொல்லலாம். பிரசங்கம் மட்டும் ஆண்களுக்கு. இந்த ஓட்டை வழியாகத்தான் பெரியம்மா உள்ளே புகுந்தார். வாசலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "போன கெழம எனக்கு காய்ச்ச வந்துச்சுங்க, ஆண்டவரு சொகமாக்குனாரு" என்று ஆரம்பிப்பார். காய்ச்சல் அத்தோடு சரி. பிறகு செங்கடல், வனாந்தரம், மன்னா என்று அரை மணி நேரம் போகும். அது அசல் பிரசங்கம் என்பது ஆண்கள் பக்கத்துக்கும் தெரியும். வயதான உபதேசியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்ல சாட்சிம்மா" என்பார். பசியில் நெளியும் பிள்ளைகளாகிய நாங்கள்தான் அந்தச் சாட்சியைச் சபித்துக்கொண்டிருப்போம்.

அந்தப் பழைய உபதேசியார் ஓய்வு பெற்றுப் போனதும், புதிதாகக் கலியாணம் முடித்த இளம் உபதேசியார் ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை, எழுத்துப் பிசகாமல் நடக்க வேண்டும் என்ற பயபக்தி கொஞ்சம் கூடிப்போனவர். சில ஞாயிறுகள் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தை விரித்தார். பெண்கள் சபையில் பேசாமல் இருக்க வேண்டும், ஏதும் தெரிந்துகொள்ள விரும்பினால் வீட்டில் தங்கள் புருஷரிடம் கேட்க வேண்டும் என்ற இடத்தை வாசித்துவிட்டு, "இனிமே பொம்பளைங்க சாட்சி வேணாங்க" என்றார்.

பெரியம்மா எழுந்தார். "ஐயா, அது ஒரு ஊருக்கு எழுதுன கடுதாசிதானுங்களே. பூண்டுலோயா தோட்டத்து சண்டைக்கு தொர எழுதுன கடுதாசிய இங்கின காலையில பெரட்டுக்கு நிக்கிறவங்ககிட்ட வாசிச்சா நாங்க என்னங்கய்யா செய்யிறது? அதே கடுதாசியில, ஜெபம் பண்ற பொம்பள தலைய மூடிக்கிடணும்னும் எழுதியிருக்காரு. வாய மூடிக்கிட்டு இருக்கிறவள எதுக்கு தலைய மூட சொல்லணும்?"

உபதேசியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "தீமோத்தேயுவுக்கு எழுதுனதுலயும் இதேதாம்மா இருக்கு. நானா சொல்லலீங்க, வேதம் சொல்லுது."

வேதம் சொல்கிறது என்ற பிறகு பெரியம்மா பாயில் உட்கார்ந்துவிட்டார். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கய்யாவை எதிர்த்துப் பேசுவார், வேதத்தை எதிர்க்கிற தைரியம் அவருக்குக் கிடையாது. அன்று எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது: "கெழம பூரா ஏச்சு கேக்குறேன்டி. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நான் பேச நாலு பேரு கேக்குறாங்க. அதையும் எடுத்துட்டா நான் எதுக்குடி உசுரோட இருக்கணும்? நான்தான் தப்போன்னும் பயமா இருக்கு." அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த ஞாயிறுகளில் கோயிலில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பசிக்கு முன்னால் வீட்டுக்குப் போனோம், அது எங்களுக்கே பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் மலையில் வைத்து, "எழுதியிருக்குறபடியே செய்வோம், வீட்டுல புருஷன கேளுங்கடி" என்று பெரியம்மா பெண்களிடம் சொல்லிவிட்டார். குறும்புக்குச் சொன்னாரா, கீழ்ப்படியத்தான் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர்கள் கேட்டார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அந்த வாரம் சுவருக்குச் சுவர் வேதபாடம்தான். உயிர்த்தெழுந்த சேதியைச் சொல்லச் சொல்லி ஆண்டவர் முதலில் மரியாளைத்தானே அனுப்பினார், அவள் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புருஷன்மாரில் பாதிப் பேர் கோயில் வாசலை மிதியாதவர்கள், சிலர் திருநீறு பூசுகிறவர்கள். "எந்த லயத்து மரியாடி?" என்று ஒருவர் கத்தியது எங்கள் காம்பரா வரை கேட்டது. விசேஷம் என்னவென்றால், உபதேசியாரின் மனைவியும் வேதத்துக்குக் கீழ்ப்படிந்து தன் புருஷனிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்.

கடைசியில் ஆண்கள் கூட்டமாக உபதேசியார் வீட்டுக்குப் போனார்கள். "ஐயா, அந்தம்மா கோயில்லயே பேசிட்டு போவட்டுங்க. வீட்டுல நிம்மதியா ரொட்டி திங்க முடியல." பின்னாலேயே போயிருந்த பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: "எல்லாருக்கும் புருஷன் இருக்காங்க. நான் யார கேக்குறதுங்கய்யா?"

 உபதேசியார், "சாட்சி சொல்லுங்கம்மா. பாயில நின்னே சொல்லுங்க, பீடத்துல மட்டும் ஏறக்கூடாது" என்றார். பெரியம்மா கும்பிட்டுவிட்டு வந்தார். மறுவாரமே காய்ச்சல் வந்தது, ஆண்டவர் சுகமாக்கினார், தோட்டமே சிரித்தது.

வெகு காலம் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது. சனிக்கிழமைகளில் கோயிலைக் கூட்டித் துடைத்ததும் பெரியம்மாதானே! துடைப்பத்தோடு பீடத்தில் ஏறலாம், வேதத்தோடு ஏறக்கூடாது, என்ன நியாயம் இது? ஒரு சனிக்கிழமை அவர் பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "யாருமில்ல பெரியம்மா, ஒருக்கா பேசிப் பாருங்க" என்றேன். "சீ, போடி" என்றார். ஆனால் உடனே இறங்கவில்லை. துணியைக் கையில் பிடித்தபடி, காலிப் பாய்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் இறந்தபோது பெட்டியைப் பீடத்துக்கு முன்னால்தான் வைத்தார்கள். தலை நரைத்துப் போயிருந்த அதே உபதேசியார் பேச எழுந்தார். "இந்த பீடத்துல நின்னு பேசியிருக்க வேண்டியவங்க" என்றார். மெய்யாகவே சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது எங்கள் கோயிலில் பாய்கள் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள். சாட்சி நேரமும் இல்லை. பாதி லயம் கொழும்புக்குப் போய்விட்டது, இருப்பவர்களுக்கும் அவசரம். ஹட்டனிலிருந்து எப்போதாவது நான் போவேன். போன முறை டவுனிலிருந்து வந்து பீடத்தில் ஏறியவர் ஒரு பெண் போதகர், என்னைவிடச் சின்னப் பிள்ளை. உயிர்த்தெழுதலைப் பற்றித்தான் பிரசங்கித்தார், மரியாளைப் பற்றியும் சொன்னார், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆண்கள்கூட ஆமென் என்றார்கள். நான் அழுததைப் பார்த்துவிட்டு, முடிந்ததும் அந்தப் பெண் வந்து என் கையைப் பிடித்து, "பிரசங்கம் மனச தொட்டுச்சாங்கம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது? இத்தனை சுலபமான காரியத்தை என் பெரியம்மாவுக்கு ஒரே ஒரு ஞாயிறு கொடுத்திருக்கலாமே என்றுதான் அழுதேன்.