நடவுக்குப் போன ஆள்

மன்னார்குடியில் நான் தற்காலிகமாகப் பாடம் எடுத்த கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. என் பத்து மாத மகளை அங்கேதான் விட்டிருந்தேன். எதையும் நோண்டி நோண்டிக் கேட்பது என் சுபாவம். காப்பகம் நடத்திய அக்கா கட்டணத்தைக் கூட்டப்போவதாகச் சொன்னதும் கணக்குக் கேட்டேன். பால், சோறு எல்லாம் நாங்களே கொடுத்தனுப்புகிறோம், அப்புறம் என்னதான் செலவு? மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு பேரம் பேசினேன். அக்கா பழைய கட்டணத்துக்கே ஒத்துக்கொண்டார். எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பத்து நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண் சம்பா நடவுக்குப் போய்விட்டாராம். வேறு ஆள் கிடைக்கும்வரை நடக்கத் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொள்ள முடியாதாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. தேர்வு நேரத்தில் விடுப்புக் கேட்டால் என் இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார்.

மறுநாள் ஞாயிறு, எங்கள் வயலில் நடவு. ஆள் கிடைக்காத சமயம் என்பதால் கேட்ட கூலிக்குப் போனிலேயே சரி சொல்லியிருந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு டீ கொண்டுபோனேன். குனிந்திருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்ததும் மகள் இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். காப்பகத்துப் பெண்தான். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவரைப் பற்றி மட்டும் நான் எதையும் கேட்டதில்லை.

வாய்க்காலில் கையைக் கழுவிவிட்டு வந்து மகளை வாங்கிக்கொண்டார். இரண்டில் எந்த வேலை கஷ்டம் என்று கேட்டேன்.

"இதுல இடுப்பு வலிக்கும், அவ்வளவுதாங்க. நாத்து எங்கயும் தவழ்ந்து போயிடாது. அங்க ஆறு புள்ளைங்க, கண்ணை அந்தண்ட இந்தண்ட திருப்ப முடியாது."

அதனால்தான் அங்கே வேலையை விட்டு நின்றுவிட்டீர்களா என்றேன்.

"சம்பளம் கூட்டித் தர்றேன்னு அக்கா சொன்னாங்க. பெத்தவங்க ஒத்துக்கலையாம்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒத்துக்கொள்ளாதது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.  அவர் மகளை என் கையில் கொடுத்துவிட்டு வயலில் இறங்கினார்.

"இந்தக் கூலியை அங்க குடுத்தா வர்றேங்க," என்றார், குனிந்தபடியே.

வரப்பில் நின்றபடியே அக்காவுக்குப் போன் போட்டேன். மகள் அழுத அழுகையில், நான் சம்மதம் என்று சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.