எல்லுக்குக் குறுக்கே ஒரு கோடு

இன்று காலை நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. போலந்துக் கப்பல் ஒன்று குடாவுக்குள் வந்து நங்கூரமிட்டது. எங்கள் துறைமுக அலுவலகத்தில் அந்த மொழி தெரிந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரையும் கப்பலுக்கு அனுப்பினார்கள்.

2. மற்றவர் அமிர்தநாதன். படகில் அவர் முன்னால் இருந்தார், நான் பின்னால் இருந்தேன்.

3. கப்டன் கண்ணாடிக் குவளையில் தேநீர் தந்து, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். அமிர்தநாதன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "பிலிஷ்மி" என்று தொடங்கினார். 'நாங்கள் இருந்தோம்' என்று அர்த்தம்.

4. கப்டன் எங்களைக் கணவன் மனைவி என்று நினைத்து, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

5. நான் ஒரு சொல் சொன்னேன். அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

6. இறங்கும்போது கப்பல் சமையற்காரர் ஒரு போத்தல் வெள்ளரிக்காய் ஊறுகாய் தந்தார்.

போத்தல் இப்போது என் வரைமேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்தேன். சதகுப்பை மணம். நம்மூரில் அது மருந்துச் சரக்கு; அங்கே அதைக் கிழங்குக்கு மேலும் மீனுக்கு மேலும் தழையாகத் தூவுவார்கள். எட்டு வருடத்துக்கு முன் நான் இருந்த விடுதியின் குசினி முழுக்க இந்த மணம்தான். நான் மிளகாய்த்தூளை எண்ணெயில் போடும் சனிக்கிழமைகளைத் தவிர.

அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கடல் அளவை படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்துப் போலந்தின் துறைமுக நகரம் ஒன்றுக்குப் போனேன். கடலின் ஆழத்தை அளப்பது, அளந்ததை வரைபடமாக்குவது, இதுதான் படிப்பு. இலங்கையிலிருந்து ஏற்கெனவே நான்கு ஆண்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் அமிர்தநாதன் எனக்கு ஒரு வருடம் மூத்தவர், எங்கள் ஊர்க்காரர். மாதா கோவிலில் அவருடைய தாயும் என் தாயும் ஒரே வாங்கில் இருப்பார்கள். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ தம்பி" என்று அம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் அதை ஒரு நியமனக் கடிதமாக எடுத்துக்கொண்டார்.

அங்கே சனிக்கிழமையும் மத்தியானம் வரை வகுப்பு. அது முடிந்ததும் நால்வரும் எங்கள் விடுதிக் குசினிக்கு வந்து கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார்கள்.

"தங்கச்சி, மீன் கிடைக்காட்டிப் பரவாயில்லை. முட்டைக் குழம்பு காணும்" என்பார் அமிர்தநாதன்.

"எனக்குத் திங்கக்கிழமை வரைபடம் குடுக்கோணும், அண்ணை."

"வரையிறதை இரவைக்கு வரையலாம். பசி இரவுமட்டும் நிக்காது, கண்டீரோ."

மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருவர், "பிள்ளையைக் கோபப்படுத்தாதேங்கோ, உப்பைக் கூட்டிப் போட்டிடும்" என்றார். நல்ல யோசனையாக இருந்தது. கூட்டித்தான் போட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முட்டைக்கோவாவும் உருளைக்கிழங்கும் தின்று அலுத்தவர்களுக்கு உப்புக் கரித்தாலும் கறி கறிதான். முப்பத்தொரு சனிக்கிழமை சமைத்தேன். எண்ணிக்கை சரி, என்னிடம் குறிப்பு இருக்கிறது.

என் அறைத்தோழி ஹான்கா ஒருநாள் நான் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்று, "இது எதற்கான தண்டனை?" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். அடுத்த சனிக்கிழமை அவளோடு ரயில் ஏறினேன்.

போனது நான்கு பெண்கள். ஹான்கா, நான், அறையிலிருந்த மற்ற இருவர். கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல்திட்டின் நுனியில் ஹான்காவின் மாமி மீன் புகைபோட்டு விற்றாள். ஐரோப்பாவில் வாரஇறுதிச் சுற்றுலா என்றதும் நீங்கள் எதையோ நினைப்பீர்கள். நானும் போகும்வரை நினைத்தேன். இரண்டு நாளும் மழை. சப்பாத்து ஊறிவிட்டது. பரணில் வைக்கோல் மெத்தை, மயிர் முழுக்கப் புகை. கடலுக்கு மணமே இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் உப்புவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடல் மூக்கில் ஏறும். அந்தக் கடலோ பக்கத்தில் போய் நின்றாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. மாமி என்னைக் கேட்டாள், "உங்கள் ஊரில் கடல் உறையுமா?" இல்லை என்றேன். "அப்படியானால் உங்கள் மீனவர்கள் எப்போதுதான் ஓய்வெடுப்பார்கள்?" என்று மெய்யாகவே கவலைப்பட்டாள். நான் ஒருவருக்கும் சமைக்கவில்லை. மாமி தந்த மீனை, முள்ளை எடுத்து எடுத்து, நான்தான் கடைசி ஆளாகத் தின்று முடித்தேன்.

திங்கட்கிழமை மொழி வகுப்பில், வாரஇறுதியில் என்ன செய்தீர்கள் என்று கொப்பியில் ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். இங்கே கொஞ்சம் இலக்கணம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'இருந்தோம்' என்றால் ஆணா பெண்ணா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். போலந்து மொழி கேட்கும். பெண்கள் மட்டும் இருந்தால் 'பிவிஷ்மி'. கூட்டத்தில் ஒரே ஒரு ஆண் இருந்தாலும் 'பிலிஷ்மி'. நூறு பெண்களும் அவனுக்குப் பின்னால் போய்விடுவார்கள். எழுத்தில் வித்தியாசம் சின்னது. ரோமன் எல் எழுத்துக்குக் குறுக்கே ஒரு சிறு கோடு, அடுத்த உயிரெழுத்தில் ஒரு மாற்றம். நான் எல்லா இடத்திலும் பிலிஷ்மி என்றே எழுதிவிட்டேன். நாள் முழுக்கக் கோடு போடுவது என் தொழில். அந்த ஒரு கோட்டைப் போடவில்லை.

கொப்பியை ஆசிரியையிடம் கொடுப்பதற்கு முன்பே அமிர்தநாதன் அதைப் பார்த்தார். ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளில் பங்கு எடுக்க வந்தவர், மேசையில் கிடந்ததை விரித்து வாசித்தார். கேட்டு வாசிக்கவில்லை.

"தங்கச்சி, இதில பிலிஷ்மி எண்டு கிடக்கு."

"ஓம்."

"ஆர் ஆர் போனனீங்கள்?"

"அறை ஆக்கள்."

"ஆக்கள் எண்டால்?"

"ஆக்கள் எண்டால் ஆக்கள்தான்."

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லும். நான் அம்மாவுக்குப் பொறுப்பு."

"மிளகாய்த்தூள் எடுத்திட்டியள்தானே. கதவைச் சாத்திக்கொண்டு போங்கோ."

'பெட்டையள்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு அது அப்போதும் தெரியும். கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன், அதனால் சொல்லவில்லை. என்னிடம் இப்படி ஒரு குணம் இருக்கிறது. அதனால் இதுவரை எனக்கு ஒரு நன்மையும் கிடைத்ததில்லை.

வியாழக்கிழமை கொப்பி திரும்பி வந்தது. எல் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஆசிரியை சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டிருந்தார். அதைக் கொண்டுபோய் அமிர்தநாதனுக்குக் காட்டினேன். "பிழை எண்டு இப்ப சொல்லுறீர்" என்றார். அவர் என் அம்மாவுக்கு எழுதிய ஏரோகிராம் செவ்வாய்க்கிழமையே போயிருந்தது.

அந்தக் கோடையில் எங்கள் வகுப்பு மாணவர்கள் ஆறு வாரம் அளவைக் கப்பலில் போக வேண்டும். போனால்தான் கடல் சான்றிதழ். நான் அங்கே போனதே அதற்காகத்தான். வரைபடம் கீறுவதற்கு மட்டுமென்றால் கொழும்பிலேயே படித்திருக்கலாம். வெளிநாட்டுப் பெண்கள் கப்பலில் ஏறுவதற்கு வீட்டாரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஆண்களுக்கு அந்த விதி இல்லை. எனக்கு அப்பா இல்லை. கையெழுத்து அம்மாவுடையது.

அம்மாவின் பதில் எனக்கு மனப்பாடம். 'பெடியங்களோடை கடற்கரையிலை ரெண்டு நாள் தங்கினதெண்டு தம்பி எழுதியிருக்கு. அந்தப் பிள்ளை பொய் சொல்லாது. கப்பலுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது.'

நான் மூன்று பக்கம் எழுதினேன். ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என்று கட்டம் போட்டு அட்டவணை செய்தேன். கொப்பியிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து, சிவப்புக் கோடுகளோடு அனுப்பினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மகள் கெட்டுப்போனாளோ என்று படுக்காமல் இருக்கும் தாய்க்கு விகுதி அட்டவணை. பதில் வர ஐந்து வாரம் எடுத்தது. 'ஒரு கோட்டிலை ஆம்பிளை பொம்பிளை மாறுமெண்டால் அது என்ன பாசை? நீ படிக்கப் போனது கணக்கெண்டெல்லோ சொன்னனீ.' கையெழுத்து இல்லை.

கப்பல் போன அன்று நான் துறையடிக்குப் போகவில்லை. வரைபட அறையில் இருந்தேன். கப்பலிலிருந்து மற்றவர்கள் அனுப்பிய ஆழ இலக்கங்களை ஆறு வாரமும் தாளில் குறித்தேன். பட்டச் சான்றிதழில் எல்லாப் பாடத்துக்கும் புள்ளி இருக்கிறது. 'கடற்பயிற்சி' என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு கீறியிருக்கிறார்கள். அவர்கள் கோட்டை மறப்பதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். காளான் பொறுக்கக் காட்டுக்கு, ஏரிக்கு, ஒரு தடவை பழைய கோட்டை ஒன்றுக்கு. ஹான்காவின் தம்பியும் அவனுடைய கூட்டாளிகளும் வந்தார்கள். ஒருவன் அக்கோடியன் வாசித்தான், கேவலமாக வாசித்தான். வகுப்பில் எழுதும்போது மட்டும் கவனமாகப் பிவிஷ்மி, பிவிஷ்மி என்று எழுதினேன். ஒவ்வொரு கோடும் ரூளரால் போட்டதுபோல இருக்கும். ஆசிரியை ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த நாட்டில் ஆண்களே மிச்சமில்லையா?" என்று கேட்டார். நான் இலக்கணம் சரியா என்று கேட்டேன். சரி என்றார்.

குசினிக்கு மறுபடி போகவில்லை. அந்த நால்வரும் முட்டை அவிக்கப் பழகியதாகக் கேள்வி. அமிர்தநாதனை அண்ணை என்று கூப்பிடுவதையும் விட்டேன்.

பட்டம் முடித்து வந்த எங்கள் இருவருக்கும் ஒரே அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கடல் சான்றிதழ் அவரிடம் இருந்ததால் ஆழம் அளக்கும் படகு அவருக்கு, மேசை எனக்கு. கொட்டியாரக் குடாவில் அவர் அளந்து கொண்டுவரும் இலக்கங்களை நான் வரைகிறேன். பயணியாகப் படகில் ஏற எனக்குத் தடையில்லை, அளக்கத்தான் தடை. அரை மீற்றருக்கு மேல் இருந்தால் அவர் முழுதாக்கிவிடுவார். எந்த இடத்தில் தேநீர் குடித்தார் என்பதுகூட அவருடைய இலக்கங்களைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கடல் திடீரென்று சமதரையாகிவிடும். சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். மறுபடி அளக்க வேண்டிவரும். வெயிலில்.

இன்று காலை கப்டன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது நான் சொன்ன சொல் 'பிவாம்'. அமிர்தநாதன் சொன்ன 'இருந்தோம்' இல்லை, 'இருந்தேன்': ஒருமை, பெண்பால், எல்லுக்குக் குறுக்கே கோடு. கப்டன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார். அறையில் அது விளங்கிய மூன்றாவது ஆள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது படகில் அவர் பின்பக்கம் வந்து இருந்தார்.

"தங்கச்சி, இன்னும் அதை மறக்கேல்லையே?"

"இல்லை."

"நான் உம்மட நன்மைக்குத்தான் எழுதினனான்."

நான் குடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை கிட்டியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சரி, இப்பவாவது சொல்லும். அண்டைக்குப் போனதெல்லாம் பெட்டையளே?"

எட்டு வருடம் கழித்தும் அந்த மனிதருக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"ஆக்கள்" என்றேன்.

அம்மாவும் விடவில்லை. போன மாதம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "அந்தப் பெடியங்களெல்லாம் இப்ப கலியாணம் கட்டியிருப்பாங்கள், என்ன?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, ஏதோ தெரிந்தவர்களைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். ஓம், கட்டியிருப்பாங்கள் என்றேன்.

இப்போதைய நிலை இது. சிவப்புக் கோடு போட்ட தாள் எங்கள் அன்புவழிபுரத்து வீட்டில், அலுமாரியின் கீழ்த்தட்டில், கறையானுக்குப் போய்விட்டது. ஹான்காவின் மாமி செத்துப்போனாள்; புகைபோடும் வீட்டை இடித்துவிட்டார்கள். ஹான்காவின் கடைசிக் கடிதம் அங்கே தணிக்கையில் வெட்டித் திறந்து ஒட்டிய உறையில் வந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதமாக ஒன்றும் இல்லை. என்னிடம் கடல் சான்றிதழ் இல்லை. நாளை காலை ஏழு மணிக்கு அமிர்தநாதன் படகில் போகிறார். பத்தரைக்கு இலக்கங்கள் என் மேசைக்கு வரும்.