கழுத்தளவு கடல்

நான் கண்ணால்கூடக் கண்டிராத ஒரு வெள்ளைக்காரன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. சவுதியில் என் கணவர் வேலை செய்த கம்பனியில் அவருக்கு மேலாளாக இருந்தவன். ஒரு லீவுக்கு எங்கள் நாட்டுக்கு வந்து, எங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள அறுகம்குடாக் கடற்கரையில் இரண்டு கிழமை படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படம் படமாகக் காட்டினானாம். சத்தமில்லை, சந்தடியில்லை, எல்லாம் மலிவு, உன் நாடு ஒரு சொர்க்கம், அந்தக் கடலில் போய்ச் சும்மா கிடந்தாலே உடம்பில் உள்ள நோயெல்லாம் பறந்துவிடும் என்றானாம். என் கணவர் பூரித்துப் போனார். எங்கள் கடலைப் பற்றி எங்களுக்கே ஒருவன் வந்து சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்.

எங்கள் வீடு கல்முனையில், கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை, இரண்டே இரண்டு சந்து, தள்ளி இருந்தது. உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். கடல் இரைவது சமைக்கிற குசினிக்குள் கேட்கும். உப்புக் காற்று சன்னல் கொக்கிகளைத் தின்றுவிடும். ஆனால் அந்தக் கடலுக்குள் முப்பது வயது வரை நான் முழுதாய் இறங்கியதில்லை. ஆண்பிள்ளைகள் நடக்கப் பழகியதும் இறங்கிவிடுவார்கள். பெண்களுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள் இருந்தது: சபர் மாதத்தின் கடைசிப் புதன். ஒடுக்கத்துப் புதன் என்போம். அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு உம்மாமாரும் அக்காமாரான ராத்தாமாரும் பிள்ளைகளுமாகக் கூட்டமாய்க் கடற்கரைக்குப் போவோம். கால் நனைப்போம். துணிந்தவள் முழங்கால் வரை போவாள். அதற்குள் கரையில் நிற்கும் யாராவது ஒரு காக்கா, அண்ணன் முறைக்காரர், “காணும், போதும், ஏறுங்க” என்பார். பிறை பார்த்து வருகிற அந்த நாளும் ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகர்ந்து, நான் சொல்லும் காலத்தில் நடு மாரியில் வந்து விழுந்தது. மாரிக் கடலில் யார் கால் வைப்பார்கள்? அந்த ஒரு நாளும் எங்களுக்கு இல்லாமல் போனது.

என் ஆசை பெரியதொன்றும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் ஒரு தடவை நிற்க வேண்டும். அவ்வளவுதான். கலியாணம் முடித்த ஆண்டே கணவரிடம் சொன்னேன். சிரித்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சண்டை எங்கள் பக்கம் பெரிதாகும் முன், ஒரு லீவுக்கு வந்தபோது குரல் பதிகிற, பெட்டி போன்ற ஒரு ரேப் ரெக்கோடரும் கமராவும் கொண்டு வந்தார். வந்த மூன்றாம் நாள், “நாமளும் ஒருக்கா அறுகம்குடாவுக்கு உல்லாசமாப் போய் வருவம்” என்றார்.

“கடலடியில இருந்துக்கிட்டுக் கடல் பாக்கப் போறதா?” என்று கேட்டேன்.

“இஞ்ச நீ இறங்க ஏலாது. அங்க நம்மட ஆக்கள் ஒருத்தரும் இல்ல, வெள்ளக்காரன் மட்டும்தான் இரிக்கான். நீ ஆசப்பட்ட மாதிரிக் கழுத்து மட்டும் இறங்கிக் குளி. வல்லாஹி, நானே கையப் புடிச்சிக் கூட்டிப் போறன்.”

அல்லாஹ்வின் மேல் சத்தியம். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அன்றிரவே பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்து, நனைந்தாலும் உடம்பு தெரியாத தடிப்பு இருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்த்து மடித்து வைத்தேன்.

அவர் அந்தச் செய்தியைத் தன் தாயிடம் போய்ச் சொன்னார். அத்தோடு என் பயணம் பாழாய்ப் போனது. “என்னய விட்டுட்டுப் போறியா மகன்?” என்று மாமி ஒரு பாட்டம் அழுதார். மாமி வந்தால் இரண்டு மைத்துனர்மார் வராமல் இருப்பார்களா? அவர்கள் வந்தால் எங்கள் பிள்ளைகளோடு அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள். வான் வந்து நின்றதும் ஏற்றினார்களே, அதை என்னவென்று சொல்வேன்! அரிசி மூட்டை, சட்டி பானை, தேங்காய், திருவலை, காலைக் கட்டிய மூன்று கோழிகள். அம்மிக்கல்லையும் குழவியையும் சாக்கில் சுற்றி என் காலடியில் வைத்தார்கள். மில்லில் அரைத்த தூள் போட்டால் மாமிக்கு மீன் ஆணமோ கோழி ஆணமோ பிடிக்காதாம், அம்மியில் அரைத்ததுதான் வேண்டுமாம். தம்பிலுவில் தாண்டி, திருக்கோவில் தாண்டி, இடப்பக்கம் கடல் வந்து வந்து மறைந்தது. நான் அம்மியின் மேல் காலை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு போனேன். அந்த வெள்ளைக்காரன் கோழி கொண்டு போயிருப்பானா? அம்மி கொண்டு போயிருப்பானா?

கடற்கரையில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் எங்களுக்கு. அதன் பின்னால் இன்னொரு சின்னக் கொட்டில், அது குசினி. வான் நின்ற கையோடு ஆண்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தார்கள். மூட்டையை யார் இறக்குவது? நாங்கள்தான். மூன்று பெண்களும் மூட்டை இறக்கி, அடுப்பு மூட்டி, தேத்தண்ணீர் கொடுத்து, கோழி உரித்து, சோறாக்கி, எச்சில் கோப்பை கழுவி முடிய வெயில் சாய்ந்துவிட்டது. மாமி நிழலில் பாயைப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டார். கணவர் சொட்டச் சொட்ட வந்து நின்று, “காஞ்ச சாரன் ஒண்டு எடு புள்ள” என்றார்.

“மச்சான், நான்?”

“நாளைக்கு.”

மறுநாளும் புகைதான். பத்து மணிபோல் வேலை கொஞ்சம் ஓய்ந்தது. பருத்திச் சேலையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முன் நின்றேன். அவர் கடற்கரையைப் பார்த்தார். “வெள்ளக்காரன் நிக்கிறான். உன்னப் பாப்பான். பின்னேரம் பாப்பம்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம்! வெள்ளைக்காரன் மட்டும்தான் இருக்கிறான், வா என்று கூட்டி வந்த மனிதர், வெள்ளைக்காரன் நிற்கிறான், போகாதே என்கிறார். இந்த நியாயத்தை எந்தக் கோடு கச்சேரியில் போய்ச் சொல்வது? மாமிக்கு முன்னால் வாயைத் திறக்கவும் முடியாது. போய் அம்மியின் முன் உட்கார்ந்தேன். அன்றைக்கு மிளகாயை அரைத்த அரைப்பில் கை எரிந்தது.

அன்று பகல் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டுக் குசினிக்கு வந்தாள். தலையில் இருந்து கடல்நீர் வடிந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான், பொய் சொல்லக் கூடாது. திருவலையில் குந்திக்கொண்டு அரை முடித் தேங்காயை வாங்கித் திருவிப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். இளைய மைத்துனருக்குக் கொஞ்சம் இங்கிலீசு தெரியும். “நீங்க குடுத்து வச்சவங்களாம் மதினி. இந்தக் கடல்ல ஒவ்வொரு நாளும் குளிக்கலாமாம்” என்றார்.

“அவ இண்டைக்கு எத்தின தரம் குளிச்சவ எண்டு கேளுங்க.”

கேட்டார். “ரெண்டு தரமாம்.”

“நான் பொறந்து இண்டைக்கு மட்டும் ஒரு தரமும் இல்ல. கடல் இரிக்கிறது எங்கட குசினிக்குப் பின்னால. அதச் சொல்லுங்க.”

மைத்துனர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏதோ சொன்னார். அவள் மகிழ்ந்துபோய் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். நான் சொன்னதைச் சொல்லியிருந்தால் ஒருத்தி கும்பிடுவாளா? என் வாயிலிருந்து போன சொல்லை அவள் காதுக்குப் போகும் முன்பே மாற்றிப்போட்டார். எனக்கு அவள் மேல் கோபமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளையும் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பகல் திரும்ப வேண்டும். விடியுமுன் சுபஹு தொழுததும் திரும்பப் படுக்கப் போனவரைக் கையில் பிடித்தேன். “வல்லாஹி எண்டு சொன்னீங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எழுந்து வந்தார். கடற்கரையில் வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நல்ல உறக்கம். சத்தியம் செய்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. குளிரவில்லை. கெண்டைக்காலுக்கு வந்தது. ஒரு அலை வந்து சேலையை முழங்கால் வரை நனைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சின்னப் பிள்ளை போல.

“ஆரது? நம்மட சவுதி மச்சான் தானே?”

கரைவலை இழுத்துக்கொண்டு வந்த ஆட்கள். இருட்டு விலகாததால் அவர்கள் பக்கத்தில் வரும் வரைக்கும் நாங்கள் காணவில்லை. எல்லோரும் எங்கள் ஊர். எங்கள் ஒழுங்கைக்குப் பின் ஒழுங்கை. மீன்பாடு பார்த்து அந்தப் பருவத்துக்கு அங்கே வாடிக் கொட்டில் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். நம்மட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இடமாம்! கடலும் மீனும் இருக்கிற இடத்தில் எங்கள் ஆட்கள் இல்லாமல் இருப்பார்களா? இதை யோசிக்காத மனிதர் எனக்குச் சத்தியம் செய்து தந்தார்.

கணவர் என் கையை உதறினார். விட்டார் என்று சொல்ல மாட்டேன், உதறினார். “கிறுகு, கிறுகு. கெதியாக் கொட்டிலுக்குப் போ.” உண்மையைச் சொன்னால், அந்த வலைக்காரர்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மரியாதையாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை இழுத்தார்கள். வெட்கப்பட்டது இவர்தான். நான் திரும்பி நடந்தேன். நனைந்த சேலை காலில் ஒட்டி ஒட்டித் தடுக்கியது.

அரை மணித்தியாலத்தில் கை நிறைய மீனோடு வந்தார். “சும்மா தந்தானுகள். போக முன்ன ஆணமாக்கு” என்றார்.

ஆக்கினேன். செதிள் தட்டினேன், குடல் எடுத்தேன், அரைத்தேன், ஆக்கினேன். அழவில்லை. அழுதிருந்தால் ஆறியிருக்கும்.

லீவு முடிந்து அவர் போனார். அந்தக் காலத்தில் சவுதிக்குக் கடிதத்தை விடக் கசெட்தான். ஊருக்கு வருகிறவர் போகிறவர் கையில் ஒரே கசெட் போய்வரும். அவர் பேசியதை நாங்கள் கேட்டுவிட்டு, அதன் மேலேயே நாங்கள் பேசி அனுப்புவோம். அவர் அதன் மேல் பேசுவார். இங்கே வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கேட்போம். அங்கேயும் அறையில் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் கேட்பார்கள். அதனால் நான் சலாம் சொல்லி, பிள்ளைகள் சுகம் சொல்லி, கூரை ஒழுகுவதைச் சொல்லி முடித்துவிடுவேன்.

இரண்டாம் மாதம் வந்த கசெட்டில் அவர் சொன்னார்: “நம்மட பயணத்தப் பத்தி என்ட பெரியவனுக்கு, அந்த வெள்ளக்காரனுக்குச் சொன்னன். பெண்சாதி அங்க போய் நல்லாக் களப்பாறினா எண்டன். அவனுக்குச் சரியான சந்தோசம்.”

களைப்பாறினேனாம்!

அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அதே பருத்திச் சேலையைச் சுற்றி, முக்காட்டை இறுக்கி, ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண், மச்சி என்பேன், வேலியால் எட்டிப் பார்த்து, “எங்க புள்ள, பெட்டியையும் தூக்கிட்டு?” என்றார்.

“குளிக்கப் போறன்.”

“கிணத்தில தண்ணி இல்லியா?”

நான் நிற்கவில்லை. இரண்டு ஒழுங்கை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின் மேல் பெட்டியை வைத்தேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். இறங்கினேன். முழங்கால். இடுப்பு. சேலை ஊதி மேலே வந்தது, அமுக்கிப் பிடித்தேன். நெஞ்சு. பயந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. பிறகு கழுத்து. கால் விரல் மண்ணைத் தொட்டும் தொடாமலும் நின்றேன். வாயில் உப்பு. வானம் இடிந்து விழவில்லை. ஊர் திரண்டு வரவில்லை. முப்பது வருடம் இதற்காகவா பயந்தேன்? அப்போது வந்தது பாருங்கள் அழுகை, கடலுக்குள்ளேயே நின்று அழுதேன்.

கரைக்கு வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். “அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். உங்கட பெரியவனுக்குச் சொல்லுங்க, இண்டைக்குத்தான் களப்பாறினன்” என்று தொடங்கினேன். அம்மியில் இருந்து மீன் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நாடா முடிந்து பொத்தான் தானாய்க் கிளம்பும் வரை பேசினேன். அந்த ஒரு பக்கம் முழுதும் என் குரலும் கடலும்தான்.

அந்தக் கசெட்டையே அனுப்பினேன். பதில் வர மூன்று மாதம் சென்றது. மாமியும் மைத்துனர்மாரும் அவர்கள் மனைவிமாரும் கேட்க வந்து எங்கள் விறாந்தையில் உட்கார்ந்தார்கள். என் பேச்சின் மேல் அவர் பேசியிருந்தார். கூரைக்கு ஓடு போடச் சொன்னார். தம்பிக்கு விசா பார்ப்பதாகச் சொன்னார். கடலைப் பற்றி ஒரு சொல், ஒரேயொரு சொல் இல்லை. “வஸ்ஸலாம்” என்று முடித்தார். டக்கென்று ஒரு சத்தம். எனக்கு இருந்த கோபத்தில் எழுந்து பெட்டியை நிறுத்தவும் மனமில்லை. நாடா சும்மா ஓடியது.

திடீரென்று கடல் இரைந்தது. அவர் பேசி முடித்த இடத்துக்கு அப்பால் என் பேச்சின் வால் அழியாமல் கிடந்தது. பல் கிடுகிடுக்க என் குரல் வந்தது: “ஒருத்தரும் கையப் புடிக்கல்ல. ரெண்டு ஒழுங்கதான் மச்சான். நானே நடந்து போனன். கழுத்து மட்டும் நிண்டன்.”

“அத நிப்பாட்டு” என்றார் மாமி.

ஒருவரும் எழும்பவில்லை. நாடா முடிந்து பொத்தான் கிளம்பியது. அறுகம்குடாவில் மூன்று நாளும் என்னோடு அடுப்பூதிய இளைய மைத்துனரின் மனைவி, புருசன் பக்கத்தில் இருக்கும்போதே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“கடலுக்கு எத்தின மணிக்குப் போற நீங்க ராத்தா?”