மூன்று மணிக்கு வரும் அழைப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கல்யாணமான மூன்றாம் நாளே என் கணவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். திருத்த ஏலாது என்பதை நாலாம் நாள் கண்டுபிடித்தார். அந்தக் கோபத்தால் ஒரு பச்சைப் பிள்ளையின் பாலை நான் நிறுத்தப் பார்த்த கதை இது.

பிள்ளை என் தங்கையுடையது. அவள் அமெரிக்காவில் இருக்கிறாள். கல்யாணம் முற்றாகி அவள் அங்கே போனபோது நான் இருக்கும் நோர்வேயில், ஒஸ்லோவில் என்னைத் தெரிந்த சனம் எல்லாம் ஒரு மாதிரிப் பார்த்தது. "தங்கச்சி அமெரிக்காவிலை, நீர் இஞ்சை பனிக்குள்ளை" என்று ஒரு அக்கா என் முகத்துக்கு நேரேயே சொன்னா. எனக்கும் உள்ளுக்குள் இருந்ததுதான். சம்பளத் துண்டு வந்து வரி வெட்டியிருப்பதைக் காணும் மாதமெல்லாம் தங்கையை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒளிப்பானேன்?

என் மகன் தை மாதம் பிறந்தான். எங்கள் ஊர் முறைப்படி பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. தாய் வாசல் தாண்டக்கூடாது. மிளகும் உள்ளியும் அரைத்துவிட்ட பத்தியக் கறியும் சோறும்தான் சாப்பாடு. துடக்கு வீட்டில் வெளியார் வாய் நனைக்கமாட்டார்கள். முப்பத்தொராம் நாள் வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளைக்கு முடி இறக்கினால்தான் எல்லாம் கழியும். அம்மாவுக்கு இலங்கையிலிருந்து வர விசா கிடைக்கவில்லை. அதனாலேயே ஒரு இம்மியும் பிசகக்கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பஸ் ஓட்டுகிற என் கணவர், அம்மாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு பத்தியக் கறி காய்ச்சப் பழகினார். முதல் இரண்டு நாள் கறியைச் சாப்பிட்டதற்கு எனக்கு ஒரு பதக்கம் தரலாம்.

பத்தாம் நாள்போல, சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நோர்வேஜியத் தாதி ஒஸ்லோவின் ஓரத்தில் ஸ்டோவ்னரில் இருக்கும் எங்கள் ஏழாம் மாடி வீட்டுக்கே வந்தார். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார், எனக்கு நித்திரை வருகிறதா என்று கேட்டார். கொஞ்சம் வெளியே நடந்தால் நல்லது என்றார். நான் முப்பத்தொரு நாள் கணக்கைச் சொன்னேன். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் சொன்னேன். அவரோ, நல்ல வழக்கம், படுத்திருங்கள் என்று சொல்லிவிட்டு, என் கணவர் நீட்டிய தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தார். அந்த முப்பத்தொரு நாளில் எங்கள் வீட்டில் வாய் நனைத்த ஒரே வெளியாள் அவர்தான்.

ஏழு மாதம் சம்பளத்தோடு வீட்டில் இருந்தேன். பிறகு என் கணவரின் முறை. தகப்பனுக்கென்று ஒதுக்கிய விடுமுறையை இங்கே பப்பாபெர்ம் என்பார்கள். அவர் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கோயில் அன்னதானத்துக்கு வர, வரிசையில் நின்ற ஒரு பெரியவர் விசாரித்தார்.

"என்ன தம்பி, வேலை போயிட்டுதோ?"

"இல்லை அண்ணை, பப்பாபெர்மிலை நிக்கிறன்."

"பெத்தது அவவெல்லோ. லீவு உமக்கோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் பார்னஹாகேயில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடத்தில், உதவியாளர். திரும்ப வேலைக்குப் போன முதல் நாளே எங்கள் தலைவி கூப்பிட்டு, பால் கொடுக்கிறாயா என்று கேட்டார். ஓம் என்றேன். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை தினமும் ஒரு மணித்தியாலம் உனக்கு உண்டு, சம்பளம் வெட்டமாட்டோம், கடைசி மணித்தியாலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார். அம்மஃப்ரி என்று அதற்கொரு பெயரும் இருந்தது. நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. அடுத்த நாளே மூன்று மணிக்கு முன் வீட்டில் நின்றேன்.

தங்கைக்கு மகள் பிறந்தது அந்தப் புரட்டாதியில். அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அவளுடைய கணவர் இரவில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், பகலில் வீட்டில் நிற்பார். பிள்ளை பிறந்து இரண்டு கிழமை போனதும், தங்கை ஒவ்வொரு நாளும் எங்கள் நேரம் மூன்று மணிக்குச் சொல்லிவைத்ததுபோல் வீடியோ அழைப்பு எடுக்கத் தொடங்கினாள். அந்த நேரம் மகன் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருப்பான். "அவனைக் காட்டக்கா" என்பாள். காட்டுவேன். அவள் பக்கத்தில் முகம் மட்டும் தெரியும், பின்னால் ஒரு சாம்பல் சுவர்.

"பத்தியம் சாப்பிடுறியோ?" என்று கேட்பேன்.

"ஓம் அக்கா."

"வாசலைத் தாண்டேல்லைத்தானே?"

"இல்லை அக்கா."

மூத்தவளாய்ப் பிறந்ததன் திருப்தி எனக்கு.

அவளுடைய பத்தொன்பதாம் நாள், கதைத்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அவள் கையிலிருந்து நழுவியது. நிலம் தெரிந்தது. சப்பாத்துப் போட்ட கால்கள். நீலச் சீருடைக் காற்சட்டை. தட்டுத் தட்டாகத் துவாய்களும், பெரியவர்களுக்குக் கட்டும் நாப்கின் கட்டுகளும். அவள் அவசரமாக எடுத்து மறுபடி முகத்தைக் காட்டினாள்.

"எங்கையடி நிக்கிறாய்?"

"வேலையிலை, அக்கா."

எனக்கு வந்ததே ஆத்திரம். "துடக்கோடை போய் வயசான சனத்தைத் தொடுறியோ? பத்தொன்பது நாள் பிள்ளையை விட்டிட்டுப் போக உனக்கு எப்பிடியடி மனசு வந்தது? அவ்வளவு டொலர் ஆசையோ?" என்று கத்தினேன். மடியில் இருந்த மகன் பயந்து பாலை விட்டுவிட்டு அழுதான். திரை அணைந்தது.

நான் பொல்லாதவள் இல்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிள்ளை பெற்றால் லீவு என்பது, வெயில் காலம் முடிந்தால் இலை விழும் என்கிற மாதிரி, உலகத்தில் எங்கும் உள்ளதென்று நினைத்திருந்தேன். இந்தச் சின்ன நாட்டிலேயே இருக்கிறது, அமெரிக்காவில் இல்லாமலா? கொடுத்த லீவை வேண்டாமென்று இவள் காசுக்கு ஓடியிருக்கிறாள் என்றே என் புத்தி சொன்னது. அடுத்த நாள் மூன்று மணிக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"நீர் ஒருக்கா எடுத்துக் கதையுமன்" என்றார் என் கணவர்.

"பிழை விட்டவள் எடுக்கட்டும்."

"ஆர் பிழை விட்டதெண்டு தெரியுமோ உமக்கு?" என்று கேட்டுவிட்டு மகனுக்கு மாற்றுடுப்புப் போட அறைக்குள் போய்விட்டார்.

அவளுடைய முப்பத்தொராம் நாள் வந்தது. துடக்குக் கழிகிற நாள் அல்லவா, நான்தானே பெரியவள் என்று பெரிய மனது பண்ணி அவள் வீட்டுக்கு எடுத்தேன். அவள் கணவர்தான் பேசினார். பின்னால் குழந்தை வீரிட்டு அழுதது.

"அவள் வேலைக்குப் போயிட்டாள், அக்கா."

"இண்டைக்குமோ? லீவு எடுக்கேலாதோ?"

"எந்த லீவு அக்கா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, களைத்த குரலில். பிறகு நிதானமாகச் சொன்னார். தங்கை அந்த இடத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஆகாவிட்டால் சம்பளமில்லாத லீவுகூட அங்கே உரிமை இல்லை. அதே கட்டடத்தின் மேல்மாடியில், அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கும் அந்த மாதம்தான் பிள்ளை. அவளுக்குச் சம்பளத்தோடு மூன்று மாதம். கீழே நின்று கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. வேலையை விடவும் ஏலாது. மூன்று பேருக்குமான மருத்துவக் காப்புறுதி அந்த வேலையோடுதான் வருகிறது. "விட்டால் பிள்ளைக்கு டொக்டர் இல்லை, அக்கா."

பின்னால் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"பசியோ?" என்றேன்.

"ஓம். பால் காணாது. வேலையிலை துவாய் வைக்கிற அறையிலைதான் மெசின் வைச்சுப் பால் எடுக்கிறவள். பதினைஞ்சு நிமிசம் தருவினம். அந்த அறையிலை அவளுக்குப் பால் இறங்காது. உங்கடை பெடியன் குடிக்கிறதைக் கண்டால்தான் இறங்குமெண்டு சொல்லுவாள். அதுக்குத்தான் உங்களுக்கு மூண்டு மணிக்குக் கோல் எடுக்கிறவள். இப்ப பன்னிரண்டு நாளாய் மெசினிலை ஒண்டும் ஒழுங்காய் வருதில்லை. பால் வத்தப் போகுதெண்டு பயந்துபோய் இருக்கிறாள்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. அவள் ஊர்க்கதை கேட்க எடுக்கவில்லை. என் மகன் குடிப்பதைப் பார்க்க எடுத்தாள். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நான் டொலர் ஆசையோ என்று கேட்டேன். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். கணவர் தட்டவில்லை, நல்ல மனிதர்.

மறுநாள் இரண்டரைக்கு வேலையிலிருந்து ஓடி, ரயிலேறி, வீட்டுக்கு வந்து மகனை மடியில் போட்டேன். சரியாக மூன்று மணிக்கு நானே எடுத்தேன். நாலாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் வராது. எனக்கும் வரவில்லை.

"மெசினைப் போடு" என்றேன். "இஞ்சை பார், உன்ரை பெறாமகன் குடிக்கிறான்."

தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து, மகனின் முகம் நிறையத் தெரியும்படி வைத்தேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அங்கே அந்தச் சின்ன இயந்திரம் டக் டக் என்று அடித்தது. என் மகன் ஒரு கையால் தன் காதைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று விழுங்கினான். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. ஆறு. பிறகு தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"வருதக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வேலை நாளும் தவறவில்லை. தங்கைக்கு விடுமுறை கிடைத்த ஒரு நாள் பார்த்துப் பிள்ளைக்கு முடி இறக்கினார்கள். அவர்களுடைய முப்பத்தொராம் நாள் நாற்பத்து நாலாம் நாளாக வந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மார்கழியில் என் மகனுக்குப் பல் நாலு முளைத்து, பாலில் ஆசை விட்டுப்போனது. மடியில் போட்டால் கடித்துவிட்டுத் தவழ்ந்து ஓடினான். ஆனாலும் மூன்று மணிக்கு விளையாட்டுச் சாமான், பாட்டு, கெஞ்சல் என்று எல்லாம் காட்டி அவனை இழுத்துப் போட்டுக் குடிக்கவைத்தோம். கணவர் பின்னால் நின்று கதவுத் திறப்புக் கோர்வையைக் கிலுகிலுவென்று ஆட்டுவார்.

அவனுடைய முதல் பிறந்தநாளுக்கு முதல் நாள், அந்த அம்மஃப்ரி மணித்தியாலம் முடிந்தது. தங்கையின் மகளுக்கு நாலு மாதம், கன்னம் இரண்டும் கொழுத்துத் தொங்கியது. அன்று பார்னஹாகேயில் எங்கள் தலைவியிடம் போய், வேலைக்குத் திரும்பிய அன்று சொல்லாமல் விட்ட நன்றியைச் சொன்னேன். ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு பெரிய நன்றியா என்று அவர் சிரித்தார். அவர் என் ஒரு பிள்ளைக்கென்று நினைத்துத் தந்த மணித்தியாலம் அது. அதில் இரண்டு பிள்ளைகள் வயிறு நிறையக் குடித்தார்கள் என்று அவருக்குச் சொன்னேன்.