மூணாம் நாள் அத்தானின் வெள்ளிக் குவளைகள்

என் அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், இரண்டாவதிலேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூடப் பிறந்த அக்காவின் புருஷன் என்பதால் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

அவருக்கு எடைக்கல் சோதிக்கும் அலுவலகத்தில் வேலை. கடைக்காரர்களின் தராசு நேராக நிற்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவார். அலுவலக நேரம் போக வேறு தொழில்: பழைய வெள்ளிக் குவளைகளை வாங்குவார்.

காலையில் பேப்பர் வந்தால் முதலில் படிப்பது மரண அறிவிப்பைத்தான். பழைய குடும்பம் என்று தெரிந்தால் முகவரியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மூன்றாம் நாள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு அந்த வீட்டு வாசலில் நிற்பார். "மொத நாள் அழுவாங்க, ரெண்டாம் நாள் அசந்து கிடப்பாங்க, மூணாம் நாள்தான் அலமாரியத் தொறப்பாங்க" என்பது அவர் கண்டுபிடிப்பு. தெருவில் அவருக்குப் பெயரே மூணாம் நாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்த ஆள்.

குவளை கைக்கு வந்ததும் கவிழ்ப்பார். அடியில் இருக்கும் அசல் வெள்ளி முத்திரையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு உதட்டைப் பிதுக்குவார். "முத்திரையே காணோமேங்க. உள்ள பித்தளை, மேல வெறும் முலாம்." அழுது வீங்கிய கண்ணுக்கு அந்தக் கட்டைவிரல் எங்கே தெரியப்போகிறது?

இப்படிச் சேர்ந்தவை நாற்பத்து மூன்று. கூடத்தில் கண்ணாடி அலமாரி, சாவி அவர் கழுத்துச் சங்கிலியில். யாரும் துலக்கக் கூடாது. கறுப்புதான் அதன் வயசாம். ஒவ்வொரு குவளைக்கு அடியிலும் தன் கையால் எழுதிய அட்டையை மடித்து வைத்திருப்பார். வீட்டில் எல்லாரும் தண்ணீர் குடிப்பது பிளாஸ்டிக் டம்ளரில். மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் அக்காவின் முகத்தைப் பார்ப்பார்.

எங்கள் அம்மாவிடமும் ஒரு குவளை இருந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது, பிழைக்காது என்று கைவிட்ட குழந்தையைக் காப்பாற்றியதற்காக அந்த வீட்டார் கொடுத்த பழைய வெள்ளி. விளிம்பில் ஒரு பள்ளம். பல் முளைக்கும் வயதில் நான் கடித்து வைத்தது. பேசும்போதெல்லாம் அம்மாவின் கட்டைவிரல் அந்தப் பள்ளத்திலேயே கிடக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் அத்தான் அதைக் கவிழ்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "முலாம்தான் அத்தை. உள்ள பச்சை புடிச்சா வயித்துக்கு ஆகாது. இந்தாங்க, புது ஃபிளாஸ்க்." நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நானும்தான் நம்பினேன். அதை நினைத்தால் அவரைவிட என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

போன வருஷம் அம்மா என் வீட்டில் படுக்கையில் விழுந்தாள். தண்ணீர் உள்ளே போகவேண்டும் என்றார் டாக்டர். ஸ்பூனில் ஊட்டினால் துப்பினாள். "என் குவளையில குடுங்கடா" என்பது ஒன்றுதான் பேச்சு. அத்தானிடம் போய்க் கேட்டேன்.

"கைமாறினா நசுங்கிடும் மச்சான். பொருளோட அருமை உங்களுக்குத் தெரியாது" என்றார்.

அக்கா சண்டை போட்டிருப்பாள் போல. மறுநாள் மத்தியானம் அவளோடு அவரே ஒரு குவளையைக் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தார். "உங்க குவளைதான் அத்தை. குடிங்க." அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி வந்தது. மறுபடியும் சுற்றியது.

"பள்ளம் எங்க மாப்ளே?" என்றாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"வயசானா எல்லாம் மறந்துடும்" என்றார் அவர்.

அக்கா என் கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நாலு தெரு தள்ளித்தான் அவள் வீடு. திரும்பி வந்தபோது புறங்கையில் ரத்தம். ஒரு கையில் அம்மாவின் குவளை, மறு கையில் அதற்கு அடியில் இருந்த அட்டை. எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தாள்: "அசல் வெள்ளி. முத்திரை தெளிவு. மாமியாரிடம் வாங்கியது. முலாம் என்றேன், நம்பிவிட்டார். விலை: ஒரு ஃபிளாஸ்க்." திருடினவன் வாயை மூடிக்கொண்டிருப்பான், சேகரிக்கிறவனுக்குத் தன் சாமர்த்தியத்தை எழுதிவைக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

அவர் தலை குனியவில்லை. "கண்ணாடியையா உடைச்ச? மத்ததுல கீறல் எதுவும் விழலையே?" என்று வீட்டுக்கு ஓடினார்.

அம்மா அன்றைக்கே அந்தக் குவளையில் இரண்டு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். கடைசிவரை வேறு எதிலும் குடிக்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை வாசலில் நின்றார் அத்தான். கையில் பிஸ்கட் பாக்கெட்.

"அந்தக் குவளை..." என்று இழுத்தார்.

"அம்மா கூடவே வச்சுப் புதைச்சாச்சு" என்றாள் அக்கா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. குவளை அப்போது அடுக்களையில் அரிசி டின்னுக்குள் இருந்தது.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். இப்போதாவது வெட்கம் வந்ததே என்று நினைத்தேன்.

"தலை பக்கமா, கால் பக்கமா?" என்று கேட்டார்.

அக்கா அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. மகளோடு இங்கேதான் இருக்கிறாள். குவளையை வெள்ளை வெளேரென்று துலக்கித் தண்ணீர்ப் பானை மேல் கவிழ்த்து வைத்திருக்கிறாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதில்தான் குடிக்கிறார்கள்.

போன வாரம் இடுகாட்டுக் காவலாளியைக் கடைத்தெருவில் பார்த்தேன். "உங்க அத்தான மாதிரி மாப்பிள்ளை கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் சார்" என்றார். "ஞாயித்துக்கிழமை தவறாம மாமியாரப் பாக்க வந்துடுறாரு. எனக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிட்டு வர்றாரு."