தம்பியின் வசனம்

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்திலிருந்து தப்பித்தவர் யாரும் கிடையாது. காய்ச்சலில் கிடந்தாலும் போர்வையோடு வந்து பாயில் உட்கார்ந்தாக வேண்டும். கண்டோன்மெண்டில், பிளாக்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. சாயங்காலம் கறிக்கடைக்காரர்கள் கடையைக் கழுவிவிடுகிற சத்தம் கேட்டதும் அப்பா விளக்கேற்றி வேதப்புத்தகத்தை எடுப்பார். ஒரே புத்தகம், ஆளுக்கொரு வசனம், கை மாறி மாறிச் சுற்றி வரும். முதலில் அப்பா, அடுத்து அம்மா, அம்மாவுக்கு இடப்பக்கம் தம்பி, கடைசியில் நான். முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை எதையும் தாண்டக் கூடாது. பட்டாளத்து ஸ்டோரில் குமாஸ்தா வேலை பார்த்த மனிதர், வேறெப்படி இருப்பார்?

அம்மா அத்திபெலே பக்கம் பிறந்தவள். சண்டை கன்னடத்தில், ஜெபம் தமிழில். கல்யாணத்துக்குப் பிறகுதான் எழுத்தே கற்றுக்கொண்டாள் என்பதால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வம்ச வரலாறு வருகிற அதிகாரம் வந்துவிட்டால் செத்தாள். இன்னாருடைய குமாரன் இன்னார் என்று வாயில் நுழையாத பெயர்களாக வரிசைகட்டி நிற்கும். முதல் பெயரிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவாள். அப்பா "நிதானமா படி" என்பதோடு சரி. தம்பிதான் அவள் காதோரம் குனிந்து பெயரைச் சொல்லிக்கொடுப்பான். அம்மாவும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து காதைக் கொடுப்பாள். சில நாள் அந்தத் திருட்டுப்பயல் வேண்டுமென்றே எங்கள் பால்காரர் பெயரைச் சொல்லிவிடுவான். அம்மா அதையும் பக்தியோடு வாசித்து வைப்பாள். அப்பா கண்ணாடிக்கு மேலாக முறைப்பார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குவேன்.

உலகச் சண்டை வந்தது. தம்பி டைப்பிங் பாஸ் பண்ணியிருந்தான். பட்டாள ஆபீசில் எடுத்துக்கொண்டார்கள். "சண்டைக்கா போறேன்? டைப் அடிக்கத்தானேம்மா போறேன்" என்று அம்மாவிடம் சிரித்தான். சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறும் உத்தரவு வந்தபோதும் அதே சிரிப்புதான். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது என்னைப் பார்த்து, "அக்கா, பேருங்க வர்ற அதிகாரம் வந்தா நீயாவது சொல்லிக்குடு. அம்மா பாவம், பேஜாராயிடும்" என்று கத்தினான். போன புதிதில் நாங்கள் மூன்று பேராகச் சுற்றைச் சுருக்கிக்கொண்டோம். அவன் உட்காரும் இடம் மட்டும் அப்படியே கிடந்தது. நான் நகர்ந்து உட்காரவில்லை.

பிறகு சிங்கப்பூர் எதிரி கையில் விழுந்தது. கடிதம் நின்றது. ஆள் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆபீசில் எவனுக்கும் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா தன் வசனத்தைப் படித்து முடித்தாள். நான் கையை நீட்டினேன். புத்தகத்தைத் தரவில்லை. அடுத்த வசனத்தின் கீழே விரலை வைத்துக்கொண்டு, ஒருவர் அதைப் படித்து முடிக்கிற நேரம்வரை சும்மா இருந்தாள். பிறகுதான் என் மடியில் வைத்தாள்.

"என்னடி இது?" என்றார் அப்பா.

"அது அவனோட வசனம். அவன் வந்து படிக்கட்டும்."

"கர்த்தருடைய வார்த்தையில ஓட்டை போடுவியா நீ?"

"கோவம்னா அவர் என்கிட்ட கோவிச்சுக்கட்டும். என் புள்ளையோடதை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தா அவன் திரும்பி வரமாட்டான்."

அப்பா அவளோடு வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. ஜெபம் முடிந்து அம்மா அடுப்படிக்குப் போனதும் மறுபடி புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன வசனங்களை மட்டும் முணுமுணுவென்று தனக்குத்தானே படித்துக்கொள்வார். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. ஆனாலும் அம்மாவின் விரல் அந்த வரியின் கீழே நிற்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். சுவிசேஷம் வந்தபோதுதான் கொடுமை. ஆண்டவர் குருடனைக் கூப்பிடுவார், கண்ணைத் தொடுவார். அவனுக்குப் பார்வை வந்ததா இல்லையா என்பது தம்பியின் வசனத்தில் போய்விடும். எங்கள் வீட்டில் அந்த வருஷம் பாதிப் பேர் சொஸ்தமாகவே இல்லை.

கேட்டால் கிடைக்கும் என்று மிஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சம்பளத்துக்குச் சொன்னேன். வீட்டில் கேட்டுக் கேட்டு முழங்கால் காய்த்ததுதான் மிச்சம். செவுடன் காதில் சங்கு ஊதுகிறோம் என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவருக்கும் அதே எண்ணம்தானோ என்று அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் எங்கள் சபை உபதேசியார் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். பாவம், நல்ல மனிதர். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று வந்தவர், பாயில் காலியாக இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எழுந்திருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அப்பா படித்தார். அம்மா படித்தாள். அம்மா விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் எழுத்துத் தெரியாமல் தடுமாறுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் போல. மெதுவாகப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, நல்ல கணீர்க் குரலில் அடுத்த வசனத்தைப் படித்துவிட்டார்.

அம்மா அலறினாள். "ஐயோ, கொன்னுட்டீங்களே! என் புள்ளையக் கொன்னுட்டீங்களே!" தெருவே கூடிவிட்டது. உபதேசியார் எழுந்து நின்றுவிட்டார். என்ன தப்புச் செய்தோம் என்று எங்களையே மாறி மாறிப் பார்த்தார். அன்று முதல் அவர் படியேறினால் அம்மா உள்ளே போய்விடுவாள். கோயிலில் அவர் ஜெபம் பண்ணினால் இவள் ஆமென் சொல்ல மாட்டாள். ஆனால் விரல் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒருவேளை கர்த்தர் அந்த ஒரு வசனத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருப்பார் என்று நினைத்தாளோ என்னவோ.

சண்டை முடிந்து சிறைப்பட்டவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். அம்மா வாசலிலேயே நின்றாள். ஒரு மத்தியானம் ஆடுகோடிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். தம்பியோடு ஒரே ஆபீசில் இருந்தவர். எலும்பும் தோலுமாக, வயது சொல்ல முடியாத முகம். அம்மா ஓடிப்போய் காபி கலந்து வந்தாள். அவர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"என் புள்ள எப்ப வர்றான்யா?"

அவர் திகைத்து அப்பாவைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. நான் துக்கம் கேக்கத்தான் வந்தேன்."

ஊர் விழுவதற்கு முன்பே, துறைமுகத்தில் குண்டு போட்ட அன்றே எல்லாம் முடிந்துவிட்டதாம். பக்கத்தில் நின்றிருந்தாராம் இவர். அம்மா அழவில்லை. எந்த மாசம் என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னார். விரல் மடக்கி மாசக் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த உபதேசியார் மேல தப்பு இல்ல" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நான் மொத மொதல்ல விரல் வச்சப்பவே அவன் இல்லடி" என்றாள்.

அன்று சாயங்காலமும் அப்பா விளக்கை ஏற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னிக்குமாப்பா?" என்றேன். "இன்னிக்குத்தாம்மா" என்றார். புத்தகம் ஒரு சுற்று முடிந்து மறுபடி பழைய ஏற்பாட்டுக்கு வந்திருந்தது. அன்றைய அதிகாரம் முழுக்க வம்ச வரலாறு. ஆறுதலாக ஒரு சொல் கிடையாது. யாருக்கு யார் பிறந்தார், அவருக்கு யார் பிறந்தார், அவ்வளவுதான்.

அப்பா படித்தார். அம்மா தட்டுத்தடுமாறித் தன்னுடையதை முடித்தாள். விரல் அடுத்த வரிக்குப் போய் நின்றது.

"இனிமே அதை நீ படிம்மா" என்றார் அப்பா என்னிடம். கையை நீட்டினேன். அம்மா புத்தகத்தைத் தரவில்லை. இத்தனை வருஷம் யாரையும் தொடவிடாத அந்த வசனத்தை அவளே சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். முதல் பெயரைக் கூட்டிவிட்டாள். இரண்டாவது பெயரில் நின்றாள். ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து, மறுபடி முதல் எழுத்து.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். சொல்லிக்கொடு என்றுதான் அவன் ரயிலிலிருந்து கத்திவிட்டுப் போனான். அழுகை வெளியே கேட்காமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அம்மா பழக்கத்தில் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து காதைக் கொடுத்தாள். பிறகு காலிப் பாயைத் திரும்பிப் பார்த்து, "இது என்ன பேருடா?" என்று கேட்டாள்.